யாரோ திறந்திருக்கிறார்கள்

அந்த லேப்டாப்பின் ஃபேன் வயரை அறுத்தவன் நான்தான். கோபி அல்ல.

இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. சொல்லிவிட்டேன்... ஆனாலும் எதுவும் இலேசானதாகத் தெரியவில்லை. ஒரு வயர் அறுந்ததற்கா இவ்வளவு என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நெடுநாள் அப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அறுந்தது வயர் மட்டும் என்றால் இதை எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன்.

அப்போது நான் பெங்களூர் ஆஸ்டின் டவுனில் ஒரு சின்ன சர்வீஸ் கடையில் வேலை பார்த்தேன். குடியாத்தத்தில் டிப்ளமோ முடித்துவிட்டு பஸ் ஏறி வந்தவன். கடை முதலாளி பாஸ்கர் சார். தமிழில் ஆரம்பித்த வாக்கியத்தைக் கன்னடத்தில் முடிக்கும் பழைய பெங்களூர்க்காரர். வருகிற வாடிக்கையாளர்களிடம் என்னைக் காட்டி, "இவன் கை சுத்தம், தைரியமா விட்டுட்டுப் போங்க" என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும். அதற்கு முன் வேலை பார்த்த கடையில் ஒருவருடைய லேப்டாப் திரையை உடைத்து, வெளியே அனுப்பப்பட்டவன் நான். பாஸ்கர் சாரிடம் அதை மறைத்து, சம்பளம் சரியில்லை என்று நானே நின்றுவிட்டதாகச் சொல்லித்தான் சேர்ந்திருந்தேன்.

ஆக, பொய் அன்றைக்குப் புதிதாகப் பிறந்ததல்ல. ஏற்கெனவே என்னோடு குடியிருந்தது.

ரவிச்சந்திரன் என்பவர் ஒரு நாள் அந்த லேப்டாப்பைக் கொண்டுவந்தார். தர்மபுரிக்காரர். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, பக்கத்திலேயே ஹெப்பகோடியில் வீடு. கேம் ஆடுவதற்கென்றே செய்த லேப்டாப்பை நான் கையால் தொட்டது அதுதான் முதல் தடவை. கம்பெனி அமெரிக்காவுக்கு அனுப்பியபோது அங்கே வாங்கியதாம். செங்கல் மாதிரி கனம். வெல்வெட் துணியில் சுற்றி, குழந்தையைக் கிடத்துவதுபோல் என் மேசையில் வைத்தார்.

தொல்லை இதுதான்: ஃபேன் ஒரு நிலையில் ஓடவில்லை. சும்மா இருக்கும்போதே திடீரென்று உறுமும், அடுத்த நிமிடம் மூச்சை அடக்கியதுபோல் நின்றுவிடும், மறுபடி உறுமும். கேம் ஆடினால்தான் அப்படி என்றில்லை, மெயில் பார்த்தாலும் அதே கதைதான்.

சூட்டைக் காட்டும் சிறிய மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். சூடு சட்டென்று ஏறியது, சட்டென்று இறங்கியது. ஃபேன் அதன் பின்னால் ஓடியது, அவ்வளவுதான். ஃபேன்மேல் குற்றமில்லை. உள்ளே சூடு வெளியேற வழியில்லை. திறந்து பார்த்தால், காற்று போகிற தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளிபோல் படிந்திருந்தது. சூட்டைக் கடத்துவதற்காகச் சிப்பின் மேல் தடவிய பசை காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. சரியாகவே கண்டுபிடித்தேன். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை.

தவறு அதற்குப் பிறகுதான் நடந்தது.

ஃபேனைக் கழற்ற வேண்டும். அதன் பிளக் போர்டில் இறுகிப் போயிருந்தது. நகத்தால் பிளக்கைப் பிடித்து மெல்ல அசைத்து எடுக்க வேண்டும். வயரைப் பிடித்து இழுக்கவே கூடாது. புதிதாக வேலைக்கு வருகிறவனுக்கு முதலில் சொல்லித்தருவது அதைத்தான். நான் வயரைப் பிடித்து இழுத்தேன். ஏன் இழுத்தேன்? அவசரமா, அலட்சியமா, கை சுத்தம் என்ற பேரில் வந்த மிதப்பா... எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன்.

ஒரு வயர் பிளக்கிலிருந்து பிய்ந்து வந்தது. ஃபேன் எந்த வேகத்தில் ஓடுகிறது என்று போர்டுக்குத் தெரிவிக்கிற வயர் அது; அது இல்லையென்றால் போர்டு குழம்பி ஃபேனை நிறுத்தியும்விடும்.

பாஸ்கர் சார் முன்பக்கத்தில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். நான் அந்த வயரைத் திரும்பச் செருகி, மேலே மஞ்சள் டேப்பை ஒட்டினேன். தூசியைத் துடைத்து, புதுப் பசை தடவி மூடினேன். நன்றாகவே ஓடியது. மாலையில் ரவிச்சந்திரன் வந்து, காதை வைத்துக் கேட்டுவிட்டு, முகம் மலர்ந்து வாங்கிப் போனார்.

சில வாரங்கள் கழித்துத் திரும்பி வந்தார். இந்த முறை முகத்தில் மலர்ச்சி இல்லை. ஃபேன் முன்னைவிட மோசமாக ஆடியதாம். மடியில் வைத்து லேசாக நகர்த்தினாலே உச்சத்துக்குப் போய் அலறுமாம், பிறகு ஒரேயடியாக நின்றுவிடுமாம். முந்தின நாள் அப்படி நின்றபோது, கருகல் வாடை வந்து திரை கோடு கோடாகி அணைந்துவிட்டது. அப்புறம் உயிரே வரவில்லை.

என்ன நடந்திருக்கும் என்று திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். திறந்தேன். நான் ஒட்டிய டேப்புக்கு அடியில் வயர் நழுவிக் கிடந்தது. கிராபிக்ஸ் சிப் வெந்துபோயிருந்தது. மாற்றுப் போர்டு இந்த ஊரில் கிடைக்கிற காலமில்லை அது.

பாஸ்கர் சார் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். எதிரே ரவிச்சந்திரன். இரண்டு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், இதை யாரோ திறந்திருக்காங்க," என்றேன்.

சர்வீஸ் கடைகளில் சாதாரணமாகப் புழங்குகிற பொய்தான் அது. ஊரில் எத்தனை கடைகளில் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! கேட்கிறவர் இரண்டு சத்தம் போடுவார், பிறகு விதியே என்று போய்விடுவார். இவரும் அப்படிப் போய்விடுவார் என்று நினைத்தேன். ஆனால் ரவிச்சந்திரன் சத்தம் போடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நிச்சயமா சொல்றீங்களா தம்பி?"

திருகுகளின் தலையில் இருந்த கீறல்களைக் காட்டினேன். என் ஸ்க்ரூ டிரைவர் போட்ட கீறல்கள் அவை.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். வீட்டில் தானும் மனைவியும் மச்சினனும் மட்டும்தான் என்றார். மச்சினன் கோபி வேலை தேடி வந்து தங்கியிருக்கிறான்; ஹார்டுவேர் கோர்ஸ் படித்தவன்; ஸ்க்ரூ டிரைவர் செட்டெல்லாம் வைத்திருக்கிறான். தான் ஆபீஸ் போனபின் அவன் திருட்டுத்தனமாக இதில் கேம் ஆடுவதைத் தெரிந்தும் தெரியாததுபோல் விட்டிருந்தாராம். "தொட்டதுகூடப் பரவாயில்ல. பிரிச்சுப் போட்டுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி சோறு தின்னுட்டு இருந்திருக்கான் பாருங்க," என்றார்.

அந்த நிமிடத்தில் நான் பேசியிருக்கலாம். 'இல்லை சார், இருங்க' என்று தொடங்கியிருந்தால் போதும். என் பொய்க்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது என்பது எனக்குப் புரிந்தது... புரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பாஸ்கர் சார் அவருக்காக வருத்தப்பட்டு, வெல்வெட் துணியை எடுத்து அவரே சுற்றிக் கொடுத்தார்.

கோபி என்னைத் தேடி வந்தது அந்த வாரத்துக்குள்தான். ஒல்லியாக, சவரம் செய்யாத முகத்தோடு, அந்தக் கனத்த லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடை வாசலில் நின்றான். ஹெப்பகோடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறான். தன் பெயரைச் சொன்னான். நல்லவேளையாக (அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன்) பாஸ்கர் சார் எஸ்.பி. ரோட்டுக்குச் சாமான் வாங்கப் போயிருந்தார்.

அவன் கத்தவில்லை, சண்டைக்கும் வரவில்லை. மேசையில் லேப்டாப்பை வைத்து அடிமூடியைத் தூக்கினான். மாமா சொன்னதிலிருந்து மனசு ஆறாமல், தான் இன்றைக்குத்தான் முதன்முதலாக இதைத் திறந்து பார்த்ததாகச் சொன்னான். ஃபேன் பிளக்கைச் சுட்டிக் காட்டினான். பிறகு என் கைக்குப் பக்கத்தில், மேசைமேல் கிடந்த மஞ்சள் டேப் சுருளைப் பார்த்தான். அதைப் பார்த்தபின் என்னைப் பார்த்தான்.

"அண்ணா, இந்த டேப் எங்க வீட்ல கிடையாது."

நான் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தேன்.

"நான் கேம் ஆடினேன், அது தப்புதான். மாமாகிட்ட அதை ஒத்துக்கிட்டேன். ஆனா நான் திறக்கல. இப்பத் திறந்துட்டதால இனி நான் என்ன சொன்னாலும் அவர் நம்ப மாட்டார். நீங்க ஒரு போன் பண்ணிச் சொன்னாப் போதும். அக்காகிட்டயாவது சொல்லுங்கண்ணா."

அவன் குரலில் குற்றச்சாட்டு இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். கோபித்துக்கொண்டு வெளியே தள்ளியிருப்பேன். அவனோ ஓர் உதவி கேட்பதுபோல் கேட்டான். நான் செய்தது அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் என்னை அவமானப்படுத்த அவன் விரும்பவில்லை. நாலு பேர் முன்னால் வைத்துக் கேட்கவில்லை, முதலாளி வரட்டும் என்று காத்திருக்கவும் இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? டேப் சுருளை எடுத்து டிராயருக்குள் போட்டேன். "இந்த டேப் எல்லாக் கடையிலயும் கிடைக்கும். எனக்கு வேலை இருக்கு, கிளம்புங்க," என்றேன்.

அவன் ஒவ்வொரு திருகாகப் போட்டு மூடினான். ஒரு திருகு மேசைக்கடியில் உருண்டது. குனிந்து தேடி எடுத்து, அதையும் போட்டான். போய்விட்டான்.

ரவிச்சந்திரனிடம் அந்தப் பொய்யைப் பயத்தில் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரை உடைத்த கதை தெரிந்துவிடும், வேலை போய்விடும், ஊருக்குத் திரும்ப வேண்டும்... பயந்தவனை நீங்கள் மன்னிக்கவும் கூடும். ஆனால் கோபி வந்த அன்று கடையில் யாருமில்லை. யாருக்கும் தெரியாமல் ஒரு போன் செய்திருக்க முடியும். ரவிச்சந்திரனின் நம்பர் என்னிடம் இருந்தது. அன்று என்னைத் தடுத்தது பயமில்லை. அப்படியானால் எது? நான் யார் என்று தெரிந்துகொண்ட அவன், என் முன்னால் நிற்கக்கூடாது, கண்ணில் படவே கூடாது என்று தோன்றியது. அவ்வளவு சிறியவன் நான்.

அதற்கடுத்த ஆண்டு பாஸ்கர் சாரின் கடையை விட்டுவிட்டு, எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் சிஸ்டம் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தேன். கிளம்பும் அன்று அவரிடம் பழைய கடையில் நடந்ததை மட்டும் சொன்னேன். அவர் சிரித்தார். "கொத்தப்பா," என்றார் கன்னடத்தில். "எனக்குத் தெரியும்பா. சேர்ந்த வாரமே உன் பழைய முதலாளி போன் பண்ணிச் சொல்லிட்டார். பொருள் உடையறது எல்லாக் கடையிலயும் உண்டுதானே," என்றார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. நான் பயந்த எதுவும் அங்கே இருந்ததே இல்லை. அப்போதும் கோபியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பிறகு சில ஆண்டுகள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஹெப்பகோடி பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். இடுப்பில் ஒரு பெண்குழந்தையோடு ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அருகில் வந்து, ஆஸ்டின் டவுன் கடையில் வேலை பார்த்தவர்தானே என்று கேட்டாள். ரவிச்சந்திரனின் மனைவி கலைவாணி. புருஷனோடு ஒரு தடவை கடைக்கு வந்து வாசலிலேயே நின்றவள். என் முகம் அவளுக்கு மறக்கவில்லை.

அவள் ரவிச்சந்திரனைப் பற்றிச் சொன்னாள், குழந்தையின் பெயரைச் சொன்னாள். நான் கேட்டிருக்கக்கூடாது... கேட்டேன். "உங்க தம்பி எப்படி இருக்கார்?"

அவள் முகம் வாடிவிட்டது. அந்த லேப்டாப் சண்டையில் வீட்டைவிட்டுப் போனவன்தான். ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். அம்மா இறந்தபோது வந்தான். காரியம் முடிந்ததும் அக்காவிடம் ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பிவிட்டான். கல்யாணம் செய்துகொண்டான், இவர்களைக் கூப்பிடவில்லை. அம்மாவின் மேல் சத்தியம் செய்து, நான் திறக்கவில்லை என்று அன்றைக்கு அழுதானாம். இவள்தான், வெளியாள் எதற்குப் பொய் சொல்லப் போகிறான் என்று கேட்டாளாம்.

வெளியாள் நான் அவளெதிரே நின்றிருந்தேன்.

"போன வருஷம் நானே இவளைத் தூக்கிட்டு ஓசூருக்குப் போனேங்கண்ணா," என்றாள். "நடந்தது நடந்து போச்சு, நான் உன்னை மன்னிச்சிட்டேன்டா, வீட்டுக்கு வாடான்னு சொன்னேன். கதவைச் சாத்திட்டான்."

குழந்தை அவள் தாலிச்சரட்டை இழுத்துக்கொண்டிருந்தது. அதன் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தபடியே சொன்னாள்.

"ஒரு சின்னத் தப்புதானே. ஆமா, நான்தான் பண்ணேன்னு அன்னிக்கே ஒத்துக்கிட்டிருந்தா அதோட முடிஞ்சிருக்கும். இல்லீங்களா?"

கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமாங்க," என்றேன்.

அவள் பஸ் வந்தது. ஏறிப் போனாள். நான் அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

இன்னமும் நான் இந்தப் பக்கத்தில்தான் வேலை பார்க்கிறேன். அவர்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று தெரியும். ஓசூர் அப்படியொன்றும் தூரமில்லை. இதையெல்லாம் உங்களிடம் சொல்கிறேனே... உங்களுக்குக் கோபியைத் தெரியாது, கலைவாணியைத் தெரியாது. அதனால்தான் சொல்கிறேன்.