பிளாஸ்டிக் புல்லில் இயற்கை வகுப்பு

இன்று காலை மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க அடையாறில் ஓர் இன்டர்நேஷனல் பள்ளிக்குப் போயிருந்தோம்.

சுற்றிக் காட்டிய அட்மிஷன் மேடம் ஒரு பிளாஸ்டிக் புல்தரையில் நின்று, "இங்கதான் நேச்சர் கிளாஸ் நடக்கும்" என்றார் பெருமையாக.

மகள் உடனே குத்துக்காலிட்டு உட்கார்ந்து தேட ஆரம்பித்தாள்.

"ஆன்ட்டி, எறும்பெல்லாம் எங்க?"

"சேச்சே, ஒண்ணுகூட வராது கண்ணா. மாசா மாசம் மருந்து அடிக்கிறோம்!"

"அப்போ எறும்பை எப்படிப் பார்க்கறது?"

"டேப்லெட்ல வீடியோ போட்டுக் காட்டுவோம்டா."

என் கணவர் அதற்குள் பேனாவைத் திறந்து விண்ணப்பத்தில் மகளின் பெயரை எழுதத் தொடங்கியிருந்தார். நான் விண்ணப்பத்தைப் பிடுங்கி மேடத்திடமே திருப்பிக் கொடுத்தேன்.

திருவான்மியூர் பக்கம் நல்ல பள்ளிக்கூடம் தெரிந்தால் சொல்லுங்கள். உலகத் தரமெல்லாம் வேண்டாம். மண் தரை இருந்தால் போதும்.