கயிற்றுக்கு மேல் கட்டிய பெல்ட்

தாம்பரம் மேற்கில், முடிச்சூர் சாலையில் இருந்தது நாங்கள் வேலை பார்த்த செல்போன் ரிப்பேர் கடை. கடை பாய்க்குச் சொந்தம். பழுது பார்க்க இரண்டு பேர். வாசல் பக்கத்து மேஜையில் அவன், சுவரோரத்து மேஜையில் நான். என்னைவிடப் பத்து வயது சின்னவன், வாய்க்காரன். எனக்கு வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துப் பேசவே வராது. வேலை மட்டும் வரும்.

ஒரு கோடையில் பாய் கடைக்கு ஏசி போட்டார். அதன் பிறகுதான் போன்கள் டெட் ஆக ஆரம்பித்தன. புழுக்கத்தில் இல்லாத தொல்லை ஒன்று ஏசிக் காற்றில் உண்டு. காற்று உலர்ந்தால் உடம்பில் மின்சாரம் சேரும். நைலான் சட்டையைக் கழற்றும்போது படபடவென்று பொரியுமே, அதேதான். நமக்குத் தெரியவே தெரியாத பொறி விரலிலிருந்து பாய்ந்தாலும் போர்டில் இருக்கும் ஐசி சில்லு போய்விடும். பாய் ரிச்சி தெருவிலிருந்து இரண்டு பெல்ட் வாங்கி வந்தார். மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வேண்டும். உள்பக்கம் சின்ன உலோகத் தகடு, அதிலிருந்து ஒரு வயர், வயரின் முனை எர்த்தில். உடம்பில் சேர்வது வயர் வழியே மண்ணுக்குப் போய்விடும்.

பெல்ட் வந்தும் போன்கள் செத்தன. பல போன்களை அவன் திறந்து பார்ப்பான், சால்டர் வைக்க என்னிடம் தருவான். கடைசியாகத் தொட்டவன் நான் என்பதால் பழி என் மேல்.

"அண்ணனுக்குக் கைராசி இல்ல பாய். இன்னா பண்றது, பாவம்" என்றான்.

அந்தப் 'பாவம்'தான் என்னை அதிகம் சுட்டது.

பேச்சு டீக்கடை வரை போய்விட்டது. செம்பாக்கத்தில் மீன் விற்கும் ஒரு அக்கா தன் போனை நீட்டி, என் காதுபடவே அவனிடம் சொன்னாள்: "தம்பி, இத்த நீயே பாரு. அவராண்ட குடுக்காத. ராசியில்லாத கைன்னு சொல்றாங்கோ."

"அண்ணனுக்கு இனிமே டீ வாங்கற வேலதான்க்கா" என்று அவன் சிரித்தான். நான் ஸ்குரூ தேடுவதுபோல மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டேன்.

அந்த வாரம் பாய் தயங்கித் தயங்கிச் சொன்னார். "கொஞ்ச நாள் கவுன்ட்டர்ல நில்லுங்களேன். மனசுல ஒண்ணும் வெச்சிக்காதீங்க." பேசத் தெரியாத என்னைக் கவுன்ட்டருக்கு. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

பெல்ட்டைக் கழற்றினால் என் மணிக்கட்டில் தகடு பதிந்த வட்டம் தெரியும். ஒரு சாயங்காலம் அவன் கழற்றும்போது தற்செயலாகப் பார்த்தேன். வட்டம் இல்லை. கறுப்பு, சிவப்பு, மஞ்சள் என்று கோயில் கோயிலாகக் கட்டிக்கொண்ட கயிறுகள் கொத்தாக இருந்தன. அவற்றின் மேல்தான் பெல்ட்டைக் கட்டியிருக்கிறான். தகடு தோலில் பட்டதே இல்லை.

அடுத்த கையில் கட்டிக்கொள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் சொல்லவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த வார்த்தை மிட்டாய் போல வாயில் கரைந்தது.

சரியான போனுக்காகக் காத்திருந்தேன். வந்தது. பாயின் மச்சான் துபாயிலிருந்து அனுப்பிய போன். ஒரு பொத்தான் அழுந்தவில்லை, அவ்வளவுதான்.

"நீ தொடாதண்ணா. பாய் போனு, பேஜாராயிடும்" என்று அவன் இழுத்துக்கொண்டான்.

"சரிப்பா" என்று நான் பாயின் பக்கத்து ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன். அவன் திறந்து மூடும் வரை எழவில்லை.

போன் ஆன் ஆகவே இல்லை. அவன் பழக்கத்தில் என் பக்கம் திரும்பினான். "காலைல அண்ணன் எடுத்துப் பாத்தாரு…"

"அவர் எங்கப்பா எடுத்தார்? போன் வந்ததுலேருந்து என் பக்கத்துலதானே இருக்கார்" என்றார் பாய்.

நான் எழுந்தேன். தொடர்பு இருக்கிறதா என்று காட்டும் மீட்டரின் ஒரு முனையை அவனை விரலில் பிடிக்கச் சொல்லி, மறு முனையை அவன் பெல்ட் வயரில் வைத்தேன். மீட்டர் எதுவும் காட்டவில்லை. பிறகு என் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு என் கையிலும் அப்படியே வைத்தேன். காட்டியது.

"கயித்து மேல கட்டியிருக்கான் பாய். தோல்ல படல. செத்ததெல்லாம் இவன் கையில" என்றேன்.

பாய் கயிறுகளைப் பார்த்தார். கோயில் கயிற்றை அவிழ் என்று அவர் வாயால் சொல்ல மாட்டார்.

"அடுத்த கைல கட்டிக்கறேன் பாய்" என்றான் அவன்.

"வேணாம்பா. நீ கவுன்ட்டர்ல நில்லு."

பாய் தொழுகைக்குப் போன பிறகு அவன் கேட்டான். "உனக்கு முன்னாடியே தெரியுமாண்ணா?"

"தெரியும்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"உன் ராசி அப்படின்னு விட்டுட்டேன்பா."

பாயின் போனுக்காக எனக்கு வருத்தம் உண்டு. நல்ல மனிதர். அவனுக்காக இன்றுவரை வரவில்லை. அப்புறம் கவுன்ட்டரில் வாங்கிய போன்களை அவன்தான் என் மேஜைக்குக் கொண்டுவருவான். ஆள் நிறைய இருக்கும் நேரமாகப் பார்த்து, "வெச்சுட்டுப் போ" என்பேன். எல்லாருக்கும் கேட்கும்படி சொல்வேன்.