தூங்க வந்த பேராசிரியை

பாம்பன் பாலத்தைத் தாண்டி, ராமேஸ்வரம் தீவில் கடலை ஒட்டிய மணல்மேட்டில் இருக்கிறது எங்கள் வளாகம். கடல் உயிரியல் மட்டுமே அங்கே பாடம். வடகடலில் உள்ள ஒரு தீவுப் பல்கலைக்கழகத்தோடு எங்களுக்கு ஒப்பந்தம் இருந்தது. வருடந்தோறும் அங்கிருந்து இரண்டு மாணவர்கள் இங்கே வந்து ஒரு பருவம் படிப்பார்கள். இங்கிருந்து இரண்டு பேர் அங்கே போவார்கள்.

இதற்குப் பொறுப்பாளர் நான். ஆங்கிலத்தில் தடுமாறாமல் பேசுவேன் என்று ஒருநாள் என் தலையில் கட்டினார்கள்; பிறகு இறக்கிவைக்க வழியில்லை. வந்தவர்களைக் காவல்துறையில் பதிவு செய்வது, தண்ணீர் கேன் வரவழைப்பது, ஜெல்லிமீன் பட்டு வீங்கிய காலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுவது எல்லாம் என் வேலை. பாடம் நடத்துவதும் என் வேலைதான் என்பது பல சமயம் எனக்கே மறந்துபோகும். சனி, ஞாயிறு வந்தால் என் சொந்த ஊரான சிக்கலுக்குப் பஸ் ஏற வேண்டும். அங்கே பக்கவாதத்தில் படுத்திருக்கும் என் அப்பாவை, அய்யாவை, பார்த்துக்கொள்ளும் பொறுப்பைத் தம்பி மனைவியிடமிருந்து இரண்டு நாளாவது வாங்கிக்கொள்ள வேண்டும்.

மறுகரையில் இதே வேலையைச் செய்தவர் ஒரு பேராசிரியை. பல வருடங்களாக மின்னஞ்சலில் மட்டுமே பழக்கம். போன வருடம், ஆசிரியர் பரிமாற்றம் என்று அவரே வருவதாக எழுதினார். இயக்குநர் வாசலில் பேனர் கட்டச் சொன்னார், பொன்னாடைக்கு ஆள் அனுப்பினார், ஒரு வாரத்துக்குச் சொற்பொழிவுகள் வைத்தார்.

மதுரை விமான நிலையத்தில் பூங்கொத்தோடு நின்ற நான் பார்த்தது நரைத்த கூந்தலை ரப்பர் பேண்டால் கட்டிய, கண்கள் உள்வாங்கிய ஒரு பெண்ணை. காரில் ஏறியதும் கேட்டார்: "நான் கொஞ்சம் தூங்கலாமா?"

அந்தத் தூக்கம் விருந்தினர் அறையிலும் தொடர்ந்தது. மறுநாள் வரவேற்பு விழாவுக்குக் கதவைத் தட்டினேன். பாதி திறந்து, "மன்னித்துவிடுங்கள், என்னால் முடியவில்லை" என்று மட்டும் சொன்னார். காய்ச்சலா என்று கேட்டேன். இல்லையாம். களைப்பாம்.

இயக்குநரிடம் வயிற்றுப்போக்கு என்று சொல்லிவிட்டேன். "நம்ம ஊரு காரம் ஒத்துக்கிடலபோல" என்று அவர் பொன்னாடையை மடித்து பீரோவில் வைத்தார். அதற்கடுத்த நாளும் கஞ்சியும் தயிரும் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். எனக்கு எரிச்சலாக இருந்தது. எனக்கும்தான் களைப்பு. நான் எந்தத் தீவுக்குப் போய்த் தூங்குவது?

சனிக்கிழமை காலையில் பையோடு கிளம்பியபோது அவர் குளித்து, வெளுத்த பருத்திச் சட்டையோடு படியில் உட்கார்ந்திருந்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். "நானும் வரட்டுமா? யாரும் என்னை யாருக்கும் அறிமுகப்படுத்தாத இடமாக இருந்தால் போதும்" என்றார்.

ராமநாதபுரத்தில் பஸ் மாறி, உத்தரகோசமங்கை தாண்டிப் போகும்போது இரண்டு பக்கமும் காய்ந்த கரிசல். அவர் அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அய்யாவுக்கு வலது பக்கம்தான் போயிருந்தது. பேச்சு குழறினாலும் புரியும்.

"யாருத்தா இது?"

"கூட வேலை பாக்குறவுக அய்யா. வெளிநாடு."

"அவுக ஊருல மழ உண்டா?"

கேட்டுச் சொன்னேன். அநேகமாகத் தினமும் உண்டு.

அய்யா அவரையே பார்த்தார். "தெனமும் மழ பெய்யுற ஊர விட்டுட்டு எதுக்கு இங்கன வந்துச்சு?"

"தூங்க வந்திருக்காக" என்றேன். நான் குத்தலாகத்தான் சொன்னேன். அய்யா அதை அப்படியே எடுத்துக்கொண்டார்.

"அப்ப பாயப் போட்டுக் குடு ஆத்தா. வெயிலுல கூட்டிட்டு வந்து நிப்பாட்டி வச்சிருக்க."

இதை மொழிபெயர்த்தபோது பேராசிரியை சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை, பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். மத்தியானம் நான் அய்யாவுக்கு உடம்பு துடைத்துவிட்டபோது, நான் கேட்காமலே அவர் வந்து அய்யாவின் தோளைத் தாங்கிப் பிடித்தார். தன் அம்மாவுக்குச் செய்து பழக்கம் என்றார்.

ஞாயிறு மாலை திரும்பும் பஸ்ஸில் விஷயத்தைச் சொன்னார். அவர்கள் துறையை வேறொன்றோடு இணைக்கிறார்கள். ஒப்பந்தத்தை நீட்டிக்கப் போவதில்லை. அதை நேரில் சொல்லிவிட்டு வரத்தான் அவரை அனுப்பியிருக்கிறார்கள். "இறங்கிய நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் பூங்கொத்தோடு நின்றீர்கள்."

முதலில் எனக்கு வந்தது நிம்மதி. இனி காவல் நிலையம் இல்லை, கேன் இல்லை. மண்டபம் தாண்டிப் பாலத்தில் பஸ் ஏறிக் காற்று முகத்தில் அடித்தபோதுதான் கீழக்கரைப் பெண் நினைவுக்கு வந்தாள். எங்கள் மாணவி; அடுத்த பருவத்துக்கு அங்கே போகத் தேர்வானவள். அவளை அனுப்ப அவள் உம்மாவைச் சம்மதிக்க வைக்க நானே அவர்கள் வீட்டுக்கு எத்தனையோ முறை போயிருந்தேன்.

மறுநாள் ஆய்வகத்தில் அவளை உட்கார வைத்துச் சொன்னோம். அவள் என்னைப் பார்க்கவில்லை. பேராசிரியையிடம் ஆங்கிலத்தில் நேராகக் கேட்டாள்: "எங்களுக்காக நீங்கள் சண்டை போட்டீர்களா?"

"போட்டேன். பிறகு களைத்துப்போய் நிறுத்திவிட்டேன்."

அவள் கொஞ்சநேரம் கண்ணாடித் தொட்டியில் இருந்த கடல்புற்களைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "வாப்பா சவுதியில இருந்து பெரிய ஜாக்கெட்டு அனுப்பிட்டாக மேடம். அத என்ன செய்ய? இங்கன போட்டா வெந்து செத்துருவேன்."

சொல்லிவிட்டு அவளே சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. பேராசிரியை எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மணி அடித்ததும் அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போனாள்.

பேராசிரியை கடைசி நாளில் ஒரு சொற்பொழிவு மட்டும் ஆற்றிவிட்டு ஊர் திரும்பினார். வேலையிலிருந்து முன்கூட்டியே விலகி, தன் தீவின் படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பதாகப் பிறகு எழுதினார். கீழக்கரைப் பெண் கொச்சியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்திருக்கிறாள். பெருநாளுக்குப் போன் செய்வாள். அந்தப் பேச்சை இருவருமே எடுப்பதில்லை.

போன மாதம் இயக்குநர் கூப்பிட்டார். கிழக்கே ஏதோ ஒரு தீவுப் பல்கலைக்கழகம் புதிதாகக் கேட்டிருக்கிறதாம். "ஒங்களுக்குத்தான் அனுபவம் இருக்கு, நீங்களே பாத்துக்கிருங்க."

"என்னால முடியாது சார்" என்றேன்.

காரணம் சொல்வேன் என்று அவர் காத்திருந்தார். எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. கொஞ்சநேரத்தில் அவர் வேறு ஒருவரைக் கூப்பிட போனை எடுத்தார்.