தெருவின் மேல் ஒரு பிராது

கொளஞ்சியப்பரை நம்பி வாழும் சொந்தங்களே, நான் பட்ட பாட்டையும், எனக்காக அந்தச் சாமி கேட்டுக் கொடுத்த நியாயத்தையும் சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில், விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதிப் பிழைத்தவள் நான். எந்தக் கம்பெனியிலும் நான் வேலைக்குச் சேரவில்லை. சின்னதாக ஷெட் போட்டுப் பொம்மை செய்யும் நாலைந்து பேர் கூடையில் பொம்மைகளை இறக்கிவிட்டுப் போவார்கள்; வீட்டிலேயே எழுதிக் கொடுப்பேன். கணவர் இறந்து இரண்டு வருடம். ஊர் வாய்க்கு இது போதாதா? யார் யாரோ வந்து போகிறார்கள் என்றார்கள். கதவைச் சாத்திக்கொண்டேன். அதற்கும் ஒரு கதை கட்டினார்கள். கம்பெனிக்குப் போகிறவளுக்குப் பக்கத்தில் உட்கார ஒருத்தியாவது இருப்பாள். எனக்கு யார்? பொம்மைகளோடு பேச ஆரம்பித்துவிட்டேன். ஒருநாள் கை நடுங்கி, பிள்ளையாரின் கண் கோணிப்போனது. அன்று வாய்விட்டு அழுதேன். கை போனால் என் பிழைப்பே போச்சு.

பிரஷ்ஷை வைத்துவிட்டுத் தன் வீட்டோடு வந்துவிடச் சொன்னார் அண்ணன். மாட்டேன் என்றேன். நேரே மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்கு நடந்தேன். குறையைப் பிராதாக எழுதி, சாமி காலடியில் வைத்து வாங்கி, முனியப்பர் சந்நிதியில் கட்டுவது நம் வழக்கம். எழுதிக் கொடுப்பவர் யார் மேல் பிராது என்று கேட்டார்.

"எங்க தெரு மேல. முழுத் தெரு மேலயும் எழுதுங்க."

"அப்டிலாம் எழுத முடியாதும்மா. ஒரு பேரு சொல்லு."

எதிர்வீட்டுச் சரோஜா பேரைச் சொன்னேன். அவளுக்குத்தான் வாய் நீளம். சாமியிடம் நான் கெஞ்சவில்லை. வேலையையும் விட மாட்டேன், தெருவையும் விட மாட்டேன், நீதான் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மாசி மகம் முடிந்த வாரம் சரோஜா கதவைத் தட்டினாள். சண்டைக்குத்தான் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு திறந்தேன். அவள் முகம் செத்திருந்தது. வெளியூருக்கு வேலைக்குப் போன புருஷனிடமிருந்து மாதக்கணக்கில் தகவலே இல்லையாம்.

"எனக்கும் கண் எழுதக் கத்துக் குடுங்கக்கா."

"தெரு பேசுமே?"

"பேசட்டும். பேசுனவளே நாந்தான."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அன்றே கதவை விரியத் திறந்து, இருவரும் வாசலில் உட்கார்ந்து எழுதினோம். கை நடுங்கவில்லை. அந்த வருடக் கடைசியில் நாங்கள் ஐந்து பேர். காரியம் முடிந்தால் பிராதைத் திரும்பப் பெற வேண்டுமல்லவா, அதற்குச் சரோஜாவையே கூட்டிக்கொண்டு போனேன்.

தனியாக உழைக்கிறவர்களே, அழுகையை வீட்டுக்குள் பூட்டி வைக்காதீர்கள். கோபமாகவே போய் அவனிடம் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டான். தெரு வாய் அடங்கியதா என்று கேட்பீர்கள். அடங்கவில்லை. எங்களுக்கு அதைக் கேட்க நேரமில்லை.