எறும்பு கடித்துச் செத்த அப்பா

பதினோரு வயது முடிவதற்குள் நான் பதினான்கு முறை செத்திருந்தேன். அத்தனை சாவும் தஞ்சோங் கிளிங்கில், எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டு முன்னறையில், மாமாவின் கம்ப்யூட்டருக்குள் நடந்தது.

மாமா அம்மாவின் தம்பி. கல்யாணமாகாதவர். எங்களோடு தங்கி, எலக்ட்ரானிக் பேக்டரியில் ஷிப்டு வேலை பார்த்தார். தொண்ணூறுகளின் நடுவில், எங்கள் வரிசையில் எவர் வீட்டிலும் கம்ப்யூட்டர் இல்லாதபோது, யாரோ வேண்டாமென்று ஒதுக்கிய ஒன்றை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக் கொண்டுவந்தார். அதில் இருந்தது ஒரே ஓர் ஆட்டம். படமும் கிடையாது, பாட்டும் கிடையாது. கறுப்புத் திரையில் கோடுகள்தான் சுவர், புள்ளிகள்தான் தரை. நாய், நரி, பூதம் எல்லாமே ஆங்கில எழுத்துகள். நடுவில் @ என்று வால் சுருண்ட ஒரு குறி நிற்கும். அதுதான் நாம். குகைக்குள் மாடி மாடியாகக் கீழே இறங்கி, அடியில் இருக்கும் புதையலை எடுத்துக்கொண்டு உயிரோடு மேலே வரவேண்டும்.

பாதியில் நிறுத்தி மறுநாள் தொடரலாம். ஆனால் செத்தால் அவ்வளவுதான். மூன்று வாரமாகச் சேர்த்த வாள், கவசம், மருந்து எல்லாம் ஒரு நொடியில் போய்விடும். மறுபடியும் முதல் மாடி, வெறுங்கை. குகையும் புதிதாக மாறியிருக்கும்.

தாமான் பிள்ளைகள் கூட்டமாகப் பார்க்க வந்தார்கள். “படம் எங்க?” என்று கேட்டார்கள். அடுத்த வீட்டுப் பையன் மட்டும் துணிந்து உட்கார்ந்து இரண்டாவது நிமிடமே நரி கடித்துச் செத்தான். “மறுபடியும் மொதல்லேருந்தா? போங்க லா!” என்று எழுந்தவன், கூட்டத்தையும் கூட்டிக்கொண்டு பந்து விளையாடப் போய்விட்டான். டவுனில் வீடியோ கேம் கடையில் ஒரு காசு போட்டால் மூன்று உயிர் கொடுப்பார்கள். ஒற்றை உயிருக்கு எவன் வருவான்? கடைசியில் எங்கள் தாமானில் இந்த ஆட்டத்துக்கு மிஞ்சியது மாமாவும் நானும்தான்.

மாமாவுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. “சில பேரு ஆட்டத்த டிஸ்க்ல காப்பி எடுத்து வெச்சுக்குவானுங்க பாப்பா. செத்தா அதப் போட்டு எழுந்து வந்துருவானுங்க. அது திருட்டு லா. நாம அப்படி ஆடக்கூடாது” என்பார். நானும் மார்பை நிமிர்த்திக்கொண்டு தலையாட்டுவேன்.

செத்தவுடன் திரையில் ஒரு கல்லறைக் கல் வரும். அதில் நம் பெயர், கீழே கொன்றது யார் என்று இருக்கும். பதினான்கு தடவை என் பெயரையே கல்லறையில் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. பதினைந்தாவது ஆளுக்கு அப்பாவின் பெயரை வைத்தேன். கேஸ் சிலிண்டர் தோங்கை ஒற்றைக் கையால் தூக்குகிறவர், ஜொகூர் வரைக்கும் லாரி ஓட்டுகிறவர் என் அப்பா. அவரை யார் என்ன செய்ய முடியும்? நினைத்தது போலவே அப்பா வெளுத்து வாங்கினார். ஒரு மாதமாகச் சாகாமல் ஒன்பதாம் மாடி வரை போய்விட்டார். மாமாவே அவ்வளவு ஆழம் போனதில்லை.

அந்தச் சனிக்கிழமை மதியம் அப்பா ஜொகூருக்குப் போயிருந்தார். சமையலெல்லாம் தயார். அப்பளம் மட்டும் பொரிக்கவில்லை. ஒன்றே ஒன்று பொரித்துத் தரச் சொன்னதற்கு, “லாரி வரட்டும்” என்றாள் அம்மா. வழக்கமான பதில்தான். நான் கோபத்தோடு போய் ஆட்டத்தில் உட்கார்ந்தேன். கோபத்தில் ஆடினால் என்ன ஆகுமோ அது ஆனது. மூலையில் நின்ற எறும்பை அற்பமாக நினைத்துப் பக்கத்தில் போனேன். அது விஷ எறும்பு.

கல்லறை எழும்பிய அதே நேரத்தில் அம்மா கையில் துடைப்பத்தோடு முன்னறைக்கு வந்தாள். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் மாதாமாதம் கரண்டு பில்லில் பார்த்துப் பார்த்து ஒரே ஒரு பெயரை மட்டும் வாசிப்பாள். டவுனுக்குப் போகும் வழியில் இருக்கும் கிறிஸ்தவக் கல்லறைகளால் அந்தக் கல்லின் வடிவமும் அவளுக்குத் தெரியும்.

“ஐயோ! யாரு இவங்க பேர இதுல எழுதுனது?”

அலறல் கேட்டுப் பக்கத்து வீட்டு அத்தை ஓடிவந்தார். “யாரு பேரு?” என்றார். “இவங்க பேரு!” என்றாள் அம்மா. “எவங்க பேரு?” அம்மா புருஷன் பெயரை வாயால் சொன்னதே இல்லை. அன்றும் சொல்லவில்லை. பிரிட்ஜ் மேல் கிடந்த கரண்டு பில்லை எடுத்துவந்து, அழுதுகொண்டே விரலால் காட்டினாள். அத்தையும் மார்பில் கை வைத்துக்கொண்டார்.

அடுத்து அம்மா ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரோடு வந்தாள். நைட் ஷிப்டு முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த மாமா, கைலியைப் பிடித்தபடி பாய்ந்துவந்து கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டார்.

“அக்கா, கரண்டு! கரண்டு! வெறும் கேம்தான் கா!”

“அப்ப அவங்கள எழுப்பு.”

“இதுல முடியாது கா. செத்தா செத்ததுதான். அதான் இதுல விசேஷமே.”

“இதெல்லாம் ஒரு வெளையாட்டாடா? இத ஆடவா கம்ப்யூட்டர் வாங்குன? எழுப்புடா!”

மாமா அம்மாவைப் பார்த்தார். சொம்பைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், அவருடைய துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்துவந்தார். அதன்மேல் அவர் கையெழுத்தில் ‘பாப்பா’ என்று எழுதியிருந்தது. நான் தூங்கிய பிறகு வாராவாரம் என் ஆட்டத்தை அவர் காப்பி எடுத்து வைத்திருக்கிறார்.

டிஸ்க் கரகரவென்று சுற்றியது. கல்லறை போய், எட்டாம் மாடியில் வால் சுருண்ட குறி வந்து நின்றது.

“இதுவா அவங்க?” என்று கண்ணைத் துடைத்தாள் அம்மா. “நடக்கச் சொல்லு.”

மாமா ஒரு பொத்தானை அழுத்தினார். குறி ஓர் அடி நகர்ந்தது. “இன்னும் கொஞ்சம்.” நான்கு அடி நடந்த பிறகுதான் அம்மாவுக்கு மூச்சு வந்தது. சாமி மேடையிலிருந்து திருநீறு எடுத்து, திரைக் கண்ணாடியில் அந்தக் குறிக்கு நேராகப் பூசினாள். அவர் வந்து சேரும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு, வாசற்படியில் போய் உட்கார்ந்தாள்.

எனக்கு மாமா மேல் தீராத ஆத்திரம். “திருட்டுன்னு நீங்கதான சொன்னீங்க?” என்று கத்தினேன். என் முகத்தைப் பார்க்காமல், “நீ அழுவியேன்னுதான் பாப்பா” என்றார். அது எனக்குச் சமாதானமாகவே படவில்லை. எழுந்துவந்த அப்பாவை அதன்பிறகு நான் ஆடவே இல்லை. மறுநாள் முதல் மாடியிலிருந்து, யாருடைய பெயரும் இல்லாத ஓர் ஆளோடு தொடங்கினேன்.

ஏழு மணிக்கு அப்பா வந்தார். கதையைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “எறும்பா? ஒரு புலி கிலி கெடைக்கலையா எனக்கு?” என்றார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

இன்னும் அந்த மாதிரி ஆட்டங்களைத்தான் ஆடுகிறேன். இன்னும் கூட ஆட ஆள் கிடைப்பதில்லை. படம் இல்லை, கஷ்டம், பொறுமை வேண்டும் என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். அன்று அம்மாவையும் அந்தக் கூட்டத்தில்தான் சேர்த்தேன். அம்மாவுக்கு விளையாட்டு புரியவில்லை என்று மாமாவிடம் அலட்சியமாகச் சொன்னேன்.

அப்பாவின் லாரி தெருமுனையில் திரும்பி, வாசலில் பிரேக் போட்டு புஸ்ஸென்று மூச்சுவிட்டு, அவர் இறங்கி நான்கு அடி நடந்த பிறகே அம்மா வாணலியில் எண்ணெய் ஊற்றுவாள். அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் செய்தாள். அப்பளம் நமுத்துப்போகக் கூடாது என்பதற்காகத்தான் காத்திருக்கிறாள் என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.