உடைந்த பிளக்கும் முன் சீட்டும்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை கொளஞ்சிநாதனோடு அவன் ஆம்னி வேனில் கடலூர் வரை போய் வாருங்கள். முன் சீட்டில் மட்டும் உட்கார வேண்டாம்.

பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று எவன் சொன்னான்? இது நடந்தது உச்சி வெயிலில். மணி, நிமிஷம் எல்லாம் கொளஞ்சி சொன்னபடியே எழுதுகிறேன். ஒன்றையும் கூட்டவில்லை.

கொளஞ்சிநாதன் நெய்வேலி மைன்ஸில் காண்ட்ராக்ட் ஆள். கரி ஓடும் பெல்ட்டுக்கு அடியில் கொட்டுவதை வாரிப் போடுகிற வேலை. மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. மனைவி அம்சவல்லிக்கு ரெண்டு கிட்னியும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம் ரெண்டு மணிக்குக் கடலூரில் டயாலிசிஸ். மிஷினில் படுத்தால்தான் உடம்பில் சேர்ந்த தண்ணீர் இறங்கும். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும். அடுத்ததும் தவறினால் தண்ணீர் நெஞ்சுக்கு ஏறும். அப்புறம் ஆள் தங்காது.

அந்தச் செவ்வாய் தவறிவிட்டது. வண்டி ஸ்டார்ட் ஆகவே இல்லை. எஞ்சினில் ஸ்பார்க் பிளக் போய்விட்டது என்று கொளஞ்சிக்குத் தெரியும். புதுசாக மூன்று வாங்கியும் வைத்தான். மாற்றுவதற்குத்தான் நேரம் கிடைக்கவில்லை. புதனும் வியாழனும் டபுள் ஷிப்ட். போகாவிட்டால் வேலைக்கு வேறு ஆள் வந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை இன்னொருவரும் அந்த வண்டிக்காகக் காத்திருந்தார். குறிஞ்சிப்பாடியில் தறி நெய்கிற செங்குட்டுவன். அவருக்கும் அதே ஆஸ்பத்திரி, அதே ரெண்டு மணி. வழியில் பஸ் ஸ்டாப்பில் நிற்பார். ஏற்றிக்கொண்டு போவார்கள். எப்போதும் முன் சீட்டில்தான் உட்காருவார். வண்டி வராது என்று சொல்லக் கொளஞ்சி மூன்று தரம் போன் போட்டான். எடுக்கவில்லை. பஸ்ஸில் போயிருப்பார் என்று விட்டுவிட்டான்.

வெள்ளிக்கிழமை. நாலைந்து முறை சாவியைத் திருகியதில் வண்டி எப்படியோ கிளம்பியது. மணி 12.05. அம்சவல்லியைப் பின் சீட்டில் தலையணை வைத்துச் சாய்த்திருந்தான். முகம் உப்பிக் கண் இடுங்கிப் போயிருந்தது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பது போல் ஒரு சத்தம்... கொர்ர்... கொர்ர்...

சீக்கிரம் போகலாம் என்று மண்மேட்டை ஒட்டிய குறுக்குப் பாதையில் விட்டான். ஒரு பக்கம் மைன்ஸில் வெட்டிக் கொட்டிய மண் மலை மாதிரி நிற்கும். இன்னொரு பக்கம் முந்திரித் தோப்பு. ஷிப்ட் மாறுகிற நேரம் தவிர ஈ காக்கை இருக்காது.

12.20க்கு வண்டி குலுங்கியது. ஒரு இழுப்பு இழுத்தது. நின்றது.

“இன்னாங்க ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. பிளக்க மாத்திட்டா ஓடும். பத்து நிமிஷம்.”

“நீ பத்து நிமிஷம்னா ஒரு மணி நேரம். கல்யாணத்துக்கே அப்பிடித்தான வந்த” என்றாள் அம்சவல்லி. சிரிக்கப் பார்த்தாள். இருமல்தான் வந்தது.

ஆம்னியில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும். கொக்கியை எடுத்துவிட்டுச் சீட்டைத் தூக்கிச் சாய்க்க வேண்டும். தூக்கினான். ஒரு கையால் தூக்குகிற கனம்தான். முதல் பிளக் வந்தது. ரெண்டாவதும் வந்தது. மூன்றாவது அசையவில்லை.

ஆற விட்டிருக்க வேண்டும். அவனுக்கு ஏது பொறுமை? பின்னால் அந்த மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறதே. ஸ்பேனர் கைப்பிடியில் பைப்பைச் சொருகி ஏறி மிதித்தான்.

‘டக்.’

தலை மட்டும் கையோடு வந்தது. மரையோடு இருக்கிற பாதி உள்ளேயே உட்கார்ந்துகொண்டது. மணி 12.35.

ஆம்புலன்ஸுக்குப் போட்டான். வழி சொல்வதற்குள் லைன் கட்டாகிவிட்டது. மந்தாரக்குப்பம் மெக்கானிக் பரீதுக்குப் போட்டான். புண்ணியத்துக்கு அது கிடைத்தது.

“சூட்டுல கழட்டுனியா? அறிவு கீதாய்யா ஒனக்கு? இரும்பு போயி அலுமினியத்த கவ்விகினு இருக்கும். மொதல்ல ஆற வுடு. மண்ணெண்ண இருந்தா சுத்தி ஊத்து. சதுர அரம் வச்சிருக்கியா?”

“இருக்கு பாய்.”

“அதோட வால்ல கிரீஸ் தடவு. ஒடஞ்சதுக்குள்ள அடிச்சி எறக்கி எடப்பக்கமா திருப்பு. மெதுவா. துண்டு உள்ள வுழுந்துச்சி, எஞ்சினே போச்சு.”

“நீங்க வர முடியுமா பாய்? அம்சவல்லிக்கு மூச்சு...”

“ஜும்மாவுக்கு நிக்கறேன்ப்பா. முடிஞ்ச ஒடனே ஓடியாறேன். எங்க நிக்கற...”

அதோடு டவர் போய்விட்டது.

மண்மேட்டிலிருந்து காற்று அடித்தது. புழுதி பறந்தது. திறந்து கிடக்கும் ஓட்டைகளில் மண் விழக்கூடாது. சீட்டை இறக்கி மூடினான். வெளியே நின்று தன் நிழலையே பார்த்துக்கொண்டிருந்தான். நிழல் காலுக்கடியில் சுருங்கிக் கிடந்தது. இந்தப் பிளக்கை மட்டும் எடுத்துக் கொடு, வேறு ஒன்றும் கேட்க மாட்டேன் என்று யாரிடம் என்று தெரியாமல் கேட்டான்.

1.02க்கு இடப்பக்க முன் கதவுச் சத்தம் கேட்டது. ‘கடக்... டப்.’

காற்று என்று நினைத்தான். ஆனால் வண்டி லேசாக இடப்பக்கம் சாய்ந்தது.

1.10. ஆறியிருக்கும். கொக்கியை எடுத்துவிட்டுச் சீட்டைத் தூக்கினான்.

வரவில்லை.

ரெண்டு கையாலும் தூக்கினான். காலை ஊன்றித் தம் பிடித்துத் தூக்கினான். அரை அங்குலம் எழும்பி மறுபடி உட்கார்ந்தது. கொக்கியைப் பார்த்தான். விட்டுத்தான் இருக்கிறது. சீட்டின் நடுவில் ரெக்சின் குழிந்திருந்தது.

பின்னாலிருந்து அம்சவல்லி மெல்லச் சொன்னாள்.

“அவரு ஒக்காந்துகினு இருக்கறப்ப தூக்குனா எப்பிடிங்க வரும்? எறங்கச் சொல்லிட்டுத் தூக்கு.”

“யாரு?”

“செங்குட்டுவன் அண்ணன்தான்.”

குறிஞ்சிப்பாடி வர இன்னும் பதினைந்து கிலோமீட்டர் இருக்கிறது.

தண்ணீர் மூளைக்கு ஏறிவிட்டது, உளறுகிறாள் என்று நினைத்தான். மறுபடி தூக்கினான். வரவில்லை. அவள் மூச்சு இழுத்தது. கொர்ர்...

கொர்ர்...

ஒன்று பின்னாலிருந்து. இன்னொன்று... அவன் முகத்துக்கு நேராக.

ஓடலாம். ஆனால் அம்சவல்லி உள்ளே இருக்கிறாள். கையெடுத்துக் கும்பிட்டான்.

“அண்ணே... கொஞ்சம் எறங்குங்கண்ணே. அவ செத்துடுவா.”

ரெக்சின் முனகியது. குழி மெல்ல மேலே வந்தது. வண்டி நிமிர்ந்தது.

சீட்டைத் தூக்கினான். ஒரு கையால்.

அவன் காலுக்குப் பக்கத்தில் புழுதியில் ரெண்டு பாதம் பதிந்திருந்தது. செருப்பில்லாத பாதம். விரலுக்கும் விரலுக்கும் சந்தே இல்லாமல் வீங்கிய பாதம். நடந்து வந்த தடம் இல்லை. போன தடமும் இல்லை.

எஞ்சினைப் பார்த்தபடி நிற்கிற தடம்.

கொளஞ்சி அந்தப் பக்கம் திரும்பவில்லை. அரத்தின் வாலில் கிரீஸ் தடவினான். உடைந்த பிளக்குக்குள் வைத்துத் தட்டினான். டங். டங். ஸ்பேனரால் பிடித்து இடப்பக்கம் திருப்பினான். அசையவில்லை. முன்னும் பின்னும் ஆட்டினான். மண்ணெண்ணெய் விட்டான். மறுபடி.

‘கிரீச்...’

கால் சுற்று. அரைச் சுற்று. சுற்றச் சுற்ற மேலே வந்தது. கரி பிடித்த இரும்பு வளையம். கையில் எடுத்தபோது அழுதுவிட்டான்.

சாவியைத் திருகி எஞ்சினைச் சுற்ற விட்டு, உள்ளே இருந்த பொடியை வெளியே துப்ப வைத்தான். புது பிளக் மூன்றையும் போட்டான். வயரை மாட்டினான். சீட்டை இறக்கினான்.

‘புஸ்ஸ்...’

ரெக்சின் குழிந்தது.

மணி 1.36. வண்டி ஒரே திருகில் கிளம்பியது.

இடப்பக்கம் பார்க்கவே இல்லை. குறிஞ்சிப்பாடி பஸ் ஸ்டாப்பில் காலே தானாகப் பிரேக்கை மிதித்தது. ஸ்டாப்பில் யாரும் இல்லை.

“இங்க ஏன் நிக்கற? அவருதான் ஏறிட்டாரே” என்றாள் அம்சவல்லி.

கடலூர். 2.43. சிஸ்டர் மிஸ்ரியா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“ரெண்டு மணிக்கு வரணும்னு எத்தன வாட்டி சொல்றது? உங்க மிஷின்ல வேற ஆள் போட்டாச்சு.”

கொளஞ்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சிஸ்டர் அம்சவல்லியின் முகத்தைப் பார்த்தார். குரல் மாறியது.

“சரி, எந்திரிங்க. ஆறாம் நம்பர் மிஷின் காலியாத்தான் கெடக்கு. இனிமே அது உங்களுக்குத்தான். செங்குட்டுவன் அண்ணனோடது.”

“அவரு...?”

“தெரியாதா உங்களுக்கு? செவ்வாக்கிழமையே தவறிட்டாரு. குறிஞ்சிப்பாடி பஸ் ஸ்டாப்புலயே, திடீர்னு நெஞ்சு நின்னு. நாலு பஸ் போச்சாம். எல்லாரும் ஏறச் சொன்னாங்களாம். நம்ம வண்டி வந்துகினே இருக்குதுன்னு சொல்லி ஏறவே இல்லியாம்.”

மிஷினில் போடும் முன் எடை பார்ப்பார்கள். எவ்வளவு தண்ணீர் இறக்க வேண்டும் என்பதற்கு அந்தக் கணக்குத்தான். அம்சவல்லியைப் பிடித்து எடை மிஷினில் ஏற்றினார்கள்.

115.6.

“இதுக்கு இன்னா கேடு? கொஞ்சம் எறங்குங்கக்கா.”

அம்சவல்லி இறங்கினாள். எடை மிஷின் காலி. மேலே யாரும் இல்லை.

61.4.

சிஸ்டர் காலால் தட்டினார். நம்பர் துடித்தது... மெல்ல சைபருக்கு வந்தது. மறுபடி அம்சவல்லியை ஏற்றினார். 54.2.

நாலு மணி நேரம். அம்சவல்லி பிழைத்துக்கொண்டாள். சாயங்காலம் டீ கூடக் கேட்டாள்.

அவள் படுத்திருந்தபோது கொளஞ்சி சும்மா இருந்திருக்கலாம். போய்க் கேட்டான். சிஸ்டர் பழைய அட்டையை எடுத்துப் பார்த்துச் சொன்னார். செங்குட்டுவன் கடைசியாகப் போன வெள்ளிக்கிழமை தண்ணீர் இறக்கிவிட்டுப் போனபோது அவர் எடை 57. அதற்கப்புறம் அவருக்கு யாரும் தண்ணீர் இறக்கவில்லை.

அடுத்த செவ்வாய். அம்சவல்லி இறங்கியதும் காலியான எடை மிஷினைக் கொளஞ்சி மட்டும் பார்த்தான்.

62.9.

அதற்கடுத்த வெள்ளி. 64.3.

நேற்று 71.

ஆறாம் நம்பரில் அம்சவல்லி படுத்திருக்கிறாள்.