இரண்டாவது தம்ளர்

டிவி நிகழ்ச்சி மேசையில் உட்கார்ந்ததும், பழைய குத்துச்சண்டை வீரரான எவுஸ்தோர்கியோ இரண்டு தம்ளர் தண்ணீர் கேட்பார். ஒன்றைக் குடிப்பார். இன்னொன்றைத் தொடமாட்டார். சனிக்கிழமை குத்துச்சண்டை நிகழ்ச்சி முடிந்த பிறகு, அந்த இரண்டாவது தம்ளரைத் தொட்டிச்செடியில் ஊற்றுவது அவருக்கு ஒப்பனை செய்யும் டாலிஸின் வழக்கம். பத்தொன்பது வருடம் ஊற்றினாள். குத்துச்சண்டைக்காரர்களுக்கு ஆயிரம் ராசி இருக்கும், இதுவும் அதில் ஒன்று என்று விட்டுவிட்டாள்.

"பவுடரை நல்லா அப்பு, பொண்ணே. மூணு தடவை ஒடஞ்ச மூக்கு. பளபளன்னு வேற தெரியணுமா?" என்று சிரிப்பார். பனாமா முழுக்க எல்லோருக்கும் அந்த மூக்கைத் தெரியும்.

கொலோன் நகரிலிருந்து பஸ் ஏறி நிடியா என்ற பெண் நிலையத்து வாசலுக்கு வந்த அன்றுதான் டாலிஸுக்கு அந்தத் தம்ளரின் கதை தெரிந்தது.

டிவிக்கு வருமுன் எவுஸ்தோர்கியோ கொலோன் அமெச்சூர் அணியின் தலைவர். தேசியப் போட்டியில் ஓர் எடைப்பிரிவு காலியாக இருந்தால் அணிக்குப் புள்ளி போய்விடும். அவருடைய பிரிவு ஐம்பத்தொரு கிலோ. பொரித்த மீனும் வாழைக்காய் வறுவலும் தின்று எடை ஏறிவிட்டது. மூன்று நாளில் இறக்க முடியாது என்று தெரிந்ததும் அணியில் மாற்று ஆளாக இருந்த நிடியாவின் தம்பி ஓல்மெடோவை அந்தப் பிரிவுக்கு இறங்கச் சொன்னார். அவன் எடை ஐம்பத்துநான்கு கிலோ. வியர்த்து எடை குறையட்டும் என்று பிளாஸ்டிக் சட்டையைப் போட்டு வெயிலில் ஓடவிட்டார்கள்.

"தலைவரே, ஒரே ஒரு வாய் தண்ணி."

"தராசுல ஏறி இறங்குடா. ரெண்டு தம்ளரா தர்றேன்."

எடை சரியாக நின்றது. ஆனால் அணிக்காரர்களின் ஆரவாரத்தில் தண்ணீரை எல்லோரும் மறந்தார்கள். அன்று மாலையே சண்டை; தலைவர் கொடுப்பார் என்று அவன் காத்திருந்தான். இரண்டாவது சுற்றில், அடி விழுமுன்பே ஓல்மெடோ தள்ளாடினான். "குடிச்சிட்டு வந்துட்டான்!" என்று அரங்கம் சிரித்தது. பிறகு விழுந்தான். அதன்பின் நேராக நடக்கவில்லை, பேசவும் இல்லை. குத்துச்சண்டைச் சங்கம் 'குடிபோதை' என்று எழுதி அவனைத் தள்ளிவைத்தது. எவுஸ்தோர்கியோ வாய் திறக்கவில்லை. நிடியாவிடம் மட்டும், "டிவில வேலை கெடைச்சதும் ஊரறியச் சொல்றேன்" என்றார்.

"அவனுக்குக் காது நல்லாக் கேக்கும்மா," என்றாள் நிடியா. "ஒவ்வொரு சனிக்கிழமையும் சட்டையை மாத்தி, டிவி முன்னால உக்காந்திருவான். பேரைச் சொல்லுவாருன்னு."

அன்று ஒப்பனை அறையில் டாலிஸ் கேட்டாள்: "சொன்னா என்ன சார் ஆயிடும்?"

அவர் கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார். "சொன்னா நான் யாருன்னு தெரிஞ்சிரும்." பிறகு, "இந்தச் சனிக்கிழமை சொல்றேன்."

சனிக்கிழமை, "நேயர்களே, இன்னைக்கு ஒரு பழைய விஷயம்…" என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். முதல்முறையாக இரண்டாவது தம்ளர் பக்கம் கை போனது. தண்ணீர் மேசையில் சிந்தியது. காகிதத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த சண்டைக்காரர்களின் எடையைப் படிக்கத் தொடங்கிவிட்டார்.

விளம்பர இடைவேளையில் டாலிஸ் அவர் நெற்றி வியர்வையை ஒற்றி, பவுடர் போட்டாள். கை தன்பாட்டில் வேலை செய்தது. இத்தனை வருடம் எந்த முகத்தைச் சரிசெய்து திரைக்கு அனுப்பினோம் என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமையும் பவுடர் போட்டாள்.

இரண்டு மாதத்தில் அவர் மாரடைப்பில் இறந்தார். நிலையம் இரண்டு மணி நேர அஞ்சலி ஒளிபரப்பியது. பழைய காட்சிகள், பழைய சிரிப்பு, தேசியக் கொடி போர்த்திய பெட்டி. முடிந்ததும் டாலிஸின் தொலைபேசி அடித்தது.

"எங்கேயாவது எழுதியாவது வச்சிருக்காரா?" என்றாள் நிடியா.

டாலிஸ் அவருடைய மேசை இழுப்பறைகளை ஏற்கெனவே தேடியிருந்தாள். "இல்லம்மா."

மறுமுனையில் நிகழ்ச்சியின் முடிவு இசை கேட்டது.

"டிவிய அணைக்க விடமாட்டேங்கறான்," என்றாள் நிடியா. "புதுச் சட்டையோட உக்காந்திருக்கான்."